ஐந்துக்கு ஐந்து

திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில் செமஸ்டருக்கு ஒரு முறை மாணவர்கள் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். மாணவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க, மதிப்பெண் வாங்க வேண்டிய ஆசிரியரே அவர்கள் முதுகுக்குப் பின்னால் உலாத்திக்கொண்டிருப்பார். அப்புறம் யாருக்குத் துணிச்சல் வரும்? எலக்ட்ரிக்கல் துறைத் தலைவர் பெருமாள்சாமி ஆறு வருடமாக ஐந்துக்கு ஐந்து.

"எல்லாத்துலயும் அஞ்சு போட்டுட்டுக் கெளம்புங்கப்பா, பஸ் போயிரும்" என்றார் அவர்.

மூன்றாம் ஆண்டு ஃபர்ஹீனுக்குக் கை வரவில்லை. போன மாதம் வேடசந்தூர் நூல்மில்லுக்குப் பயிற்சிக்குப் போனபோது, ஒரு மோட்டாருக்கு ஒயர் கொடுக்கச் சொன்னார்கள். அவளுக்குத் தெரியவில்லை. லேபில் எல்லா இணைப்பையும் பெருமாள்சாமி சாரே கொடுத்துவிடுவார். பிள்ளைகள் சீனியர் நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதிக்கொள்வார்கள். மில் ஆட்கள் சிரித்த சிரிப்பை அவளால் மறக்க முடியவில்லை. 'செய்முறைப் பயிற்சி' என்ற வரிக்கு நேராக இரண்டு போட்டாள்.

பெருமாள்சாமி பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இன்டர்னல் மார்க்கு யார் கையில இருக்குன்னு தெரியும்ல?"

ஆசிரியர் போடும் இன்டர்னல் மார்க் போனால் வேலைக்கான கேம்பஸ் இன்டர்வியூவும் போச்சு. ஆனாலும் ஃபர்ஹீன் எழுந்து நின்றாள்.

"தெரியும் சார். லோடு ஏத்தாம ஓட்டிப் பாத்தா எல்லா மோட்டாரும் நல்ல மோட்டாருதான்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? பின்னாடி நின்னு வாங்குற அஞ்சும் அம்புட்டுத்தான் சார்."

பக்கத்தில் பாண்டிச்செல்வி சத்தமில்லாமல் தன் ஐந்தை அழித்தாள். அதற்குப் பக்கத்தில் ராஜ்கமலும் அழித்தான். பெருமாள்சாமி திட்ட வாயெடுத்தார். ஆனால் தான் நடத்திய பாடத்தை அவரே எப்படி மறுப்பார்?

"எல்லாரும் மார்க்கப் பேப்பர்ல எழுதுங்க. பேரும் ரோல் நம்பரும் வேணாம்" என்றவர், வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் லேப் பலகையில், அந்தப் பேப்பர்களில் தனக்கு வந்த சராசரியை அவரே பெரிதாக 2.4 என்று எழுதினார். "ஃபர்ஹீன், வாம்மா. இன்னிக்கு நீ ஒயர் குடு. நான் தொட மாட்டேன்."

முதல் தடவை அவள் தப்பாகக் கொடுத்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டாம் தடவை மோட்டார் ஓடியது. வகுப்பே கைதட்டியது.

பெருமாள்சாமி பலகையிலிருந்த எண்ணைக் காட்டினார்.

"இத அழிக்காதீங்க, இருக்கட்டும். மார்க்கு போடுற கையப் பாத்துப் பிள்ளைக பயந்தா, வாத்தியாருக்குத் தன் தப்பு கடைசி வரைக்கும் தெரியாது. ஆறு வருசமா எனக்குத் தெரியல."