குறையில்லாத இலைகள்

தோட்டத்து இலைகளைச் சோதித்து ஆய்வுக்கூடம் அனுப்பிய காகிதத்தை நேமத் மூன்றாவது தடவையாகப் படித்தான். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. வாசல் மண்சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். துத்தநாகம், போதுமானது. போரான், போதுமானது. பொட்டாசியம், இரும்பு, செம்பு எல்லாமே போதுமானது. கடைசி வரியில் யாரோ பேனாவால், 'மரங்கள் நல்ல நிலையில் உள்ளன' என்று சுழித்து எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். வேறு எவன் கையிலாவது இந்தக் காகிதம் கிடைத்திருந்தால் தெருவுக்கே இனிப்புக் கொடுத்திருப்பான். நேமத் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்தான்.

மரம் நன்றாக இருந்தால் காய் ஏன் இப்படி? முந்தின நாள்தான் தோட்டத்தின் நடுவிலிருந்து ஒரு கூடை பறித்து, தோல் உரித்து, தொட்டித் தண்ணீரில் கொட்டிப் பார்த்திருந்தான். பாதிக்கு மேல் மிதந்தது. ஓடு பார்ப்பதற்கு வெள்ளையாக, உருட்சியாகத்தான் இருந்தது. உடைத்தால் உள்ளே ஒன்றுமில்லை, பொக்கு. நாலு வருஷமாக இதே கூத்து. அனார் ஊர்ப் பக்கத்தில் எல்லார் வீட்டுப் பிஸ்தாவும் வாய் பிளந்து சிரித்துக்கொண்டிருக்க, இவன் வீட்டுப் பிஸ்தா மட்டும் உம்மென்று வாயை மூடிக்கொண்டு கிடந்தது. திறந்த ஒன்றிரண்டிலும் காற்றுதான் இருந்தது.

காய் பொக்காகப் போனதைவிடக் காகிதம் நன்றாக வந்ததுதான் பெரிய இடி. அதற்குக் காரணம் அண்ணன் கொத்ரத். கிணறு ஒன்று, எட்டு நாளைக்கு ஒரு முறை வருகிற தண்ணீரில் ஆளுக்குப் பாதி. அண்ணனுடைய இளமரங்கள் தாகத்தில் தவித்தபோது, தம்பியின் பாதி பொக்கு விளைவிக்கப் போய்க்கொண்டிருந்தது. வசந்தத்தில் இருவரும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். "காகிதம் ஏதாவது கொறை சொல்லட்டும். சொன்னா ரெண்டு வருஷம் வைத்தியம் பாரு, நான் வாயத் தெறக்கல. ஒரு கொறையும் இல்லன்னு வந்துச்சுன்னா அது மலட்டு மரம். புடுங்கிப் போட்டுட்டு தண்ணிய எனக்கு விட்டுடு" என்றான் கொத்ரத். குறை இல்லாமலா போகும் என்ற தைரியத்தில் நேமத் கை கொடுத்துவிட்டான்.

அண்ணனுக்கு மோப்ப சக்தி அதிகம். அடுத்த அரை மணியில் வந்து, காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தான்.

"நல்லாருக்குன்னு எழுதியிருக்காங்கண்ணே" என்றான் நேமத், ஏதோ தப்பு செய்தவன் மாதிரி.

"அதான் எனக்கும் கஷ்டமா இருக்கு." கொத்ரத் நிஜமாகவே தாடையைச் சொறிந்துகொண்டு நின்றான். "சீக்கே இல்லாதவனுக்கு என்னடா மருந்து குடுப்ப? அப்பா வெச்ச மரம், எனக்கு மட்டும் வலிக்காதா? சனிக்கிழமை காலைல மெஷின் மரத்தப் புடுங்க ஆரம்பிக்கும். ஓட்றவன் நாளைக்கு சாயந்தரமே கொண்டாந்து நிறுத்திருவான்."

அண்ணன் போன பிறகு நேமத் தனக்குள் தேடிப் பார்த்தான். துக்கம் இருந்தது. அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் நெளிந்தது. கெர்மான் நகரத்தில் மைத்துனன் ஒரு வாடகைக் கார் வைத்திருக்கிறான், பகலில் ஓட்ட ஆள் தேடுகிறான். மரம் போனால் போய்விடலாம். உப்புத் தண்ணீர் இல்லை, பூக்கிற நேரத்து உறைபனி இல்லை. இந்த நினைப்பு வந்ததும் அவனுக்கு அசிங்கமாக இருந்தது. நாலு வருஷமாக இந்த மரங்களைக் காப்பாற்ற நாயாய் அலைந்தவனும் நான்தான், இதை நினைக்கிறவனும் நான்தானா என்று அவனுக்கே விளங்கவில்லை.

மதியம் மனைவி கௌகப் சாப்பாட்டுத் துணியை விரித்து ரொட்டியும் தயிரும் வைத்தாள். காகிதத்தில் இருந்ததை அவன் சொன்னான். அவள் முகம் மலர்ந்தது.

"பின்ன? நான் பொறுக்கின இலையாச்சே."

நேமத் ரொட்டியைக் கீழே வைத்தான். "எப்படிப் பொறுக்கின?"

"எப்படின்னா? வெளியூருக்குப் போற பொருள். படிச்சவங்க பாப்பாங்க. ஓரம் கருகினதையும் மஞ்சளையுமா அனுப்புவாங்க? நம்ம மானம் என்ன ஆகறது? கோழிக்கூண்டுப் பக்கத்துல அஞ்சு மரம் இருக்கே, அதுலேருந்து நல்லதாப் பாத்துக் கிள்ளி, ஒவ்வொண்ணையும் ஈரத்துணியால தொடச்சு அனுப்பினேன்."

"தோட்டம் முழுக்க நடந்து, காயில்லாத கிளையாப் பாத்து, மரத்துக்கு ஒண்ணுன்னு பறிக்கச் சொன்னேனே."

"சொன்னீங்க. விருந்தாளி வந்தா உடைஞ்ச கோப்பையிலயும் ஒண்ணு, நல்ல கோப்பையிலயும் ஒண்ணுன்னா டீ குடுக்கறோம்?"

அவனுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. யார் நலம் விசாரித்தாலும் இந்த நாலு வருஷமும் அவன், 'கடவுள் புண்ணியத்துல நல்லாருக்கோம்' என்றுதான் சொல்லி வந்திருக்கிறான். அதையேதான் அவள் இலையில் செய்திருக்கிறாள். அப்படியென்றால் அந்தக் காகிதம் அவன் தோட்டத்தைப் பற்றியதே இல்லை. மரங்கள் பிழைத்தன. சந்தோஷப்படத் தொடங்கியவனுக்குக் கெர்மான் கார் நினைவு வந்தது, சந்தோஷம் பாதியில் நின்றுவிட்டது.

இலை பறிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்த விவசாய இஞ்சினியரம்மாவுக்குப் போன் செய்தான். நடந்ததைக் கேட்டதும் அந்தப் பெண் இருமினாள். சிரிப்பை அடக்கினாளோ என்னவோ.

"புதுசா இலை அனுப்புங்க. பதில் வர மூணு வாரம் ஆகும்."

"சனிக்கிழமை மரம் புடுங்க வராங்கம்மா."

"சரி, அந்த அஞ்சு மரத்துக் காயத் தனியாப் பறிச்சுத் தண்ணில போட்டுப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அப்பா காலத்திலிருந்தே எல்லா மரத்துக் காயும் ஒரே குவியலில்தான் விழும்.

"ஒருவேளை அது நல்லாருந்தா என்னம்மா அர்த்தம்?"

"கோழி எருவா இருக்கலாம். பாத்திரம் கழுவுற குழாய்த் தண்ணி அங்கதான போகுது? அதுல உப்பு கம்மி, அதாவும் இருக்கலாம். பக்கத்துல ஆண்மரம் ஏதாவது இருக்கா?"

"சுவரோரமா ஒண்ணு இருக்கு."

"அப்ப மகரந்தமாவும் இருக்கலாம்."

போனை வைத்தபோது, கேட்பதற்கு முன் இருந்த ஒரு குழப்பம் மூன்றாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த ஐந்து மரங்களின் அடியில் துணி விரித்தார்கள். கௌகப் கிளையை வளைக்க, நேமத் குலை குலையாக உருவிப் போட்டான். இளஞ்சிவப்புத் தோல் விரலால் அழுத்தியதுமே வழுக்கிக்கொண்டு வந்தது. மதியம் முழுக்க உரித்ததில் இருவருக்கும் நகமெல்லாம் கறுத்துவிட்டது. உரித்த எதையும் உடைத்துப் பார்க்க அவள் விடவில்லை. "தண்ணி சொல்லட்டும்" என்றாள். சாயந்தரம் மெஷின் வந்து வாசலில் நின்றது. அதன் பின்னாலேயே கொத்ரத்தும் வந்தான். தம்பி சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, கௌகபை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தொட்டியருகே குந்தி உட்கார்ந்துகொண்டான்.

"போடு. அடில போச்சுன்னா மத்த மரத்துக்குத்தான் ஏதோ கொறைன்னு ஒத்துக்கறேன், ரெண்டு வருஷம் உன்னுது, மெஷினத் திருப்பி அனுப்பிடறேன். மெதந்துச்சுன்னா அப்புறம் இலை, காகிதம், இஞ்சினியர்னு எதுவும் பேசக்கூடாது."

நேமத் கூடையைக் கவிழ்த்தான். வெள்ளைவெள்ளையாகக் கொட்டி, ஒரு கணம் தண்ணீர் மேலெல்லாம் பிஸ்தாவாக இருந்தது. பிறகு சிலது சாய்ந்தது, சிலது உருண்டது, மொத்தமும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. கலங்கலில் எது போகிறது, எது நிற்கிறது என்று தெரியவில்லை. கொத்ரத் முகத்தைத் தண்ணீருக்குக் கிட்டே கொண்டுபோனான். மேலே பத்தோ பன்னிரண்டோ நின்றன. அவ்வளவுதான். அண்ணன் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தான். மெஷினைத் திருப்பச் சொல்லி ஓட்டுகிறவனை அவன் கூப்பிடுவது கேட்டது.

நேமத் நகரவில்லை. தண்ணீரின் மேற்பரப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான், கீழே போனதில் இன்னும் ஒன்றிரண்டாவது மேலே வந்து கெர்மானுக்கு வழி விடாதா என்று காத்திருப்பது அவனுக்கே உறைத்தது. கௌகபும் அதைக் கவனித்துவிட்டாள். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, கறுத்த விரல்களைக் கலங்கல் தண்ணீருக்குள் விட்டு, அடிவரைக்கும் துழாவினாள்.