துவைத்தவள்

சலித்த பச்சரிசி மாவை ரமணி சட்டையின் இரண்டு பைகளிலும் கொட்டினாள். காலர் மடிப்பிலும் கைமடிப்பிலும் தாராளமாகத் தூவினாள். நேற்று அம்மா கண்ணை மூடிய பிறகு, மேரு டவுனில் பழைய துணி விற்கும் ஒரு பண்டல் கடையில் தேடிப் பிடித்து வாங்கிய பழைய சட்டை. சாம்பல் நிறம், முழுக்கை. அந்தக் காலத்தில் அப்பா வேலைக்குப் போட்டுக்கொண்டு போனதைப் போலவே இருந்தது.

தம்பி குகன் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். "என்னக்கா பண்ற? ஒரு மணிக்கு எடுக்கணும்."

"ராதாகிருஷ்ணன் வந்தானா?"

"கோயில் தலைவர் லா, வராம இருப்பாரா? வேணாங்க்கா. அம்மா வெளிய கெடக்காங்க."

"கெடக்குறாங்கல்ல? அதனாலதான்."

குகன் திரும்பிப் போய்விட்டான். அவளைத் தடுத்து ஜெயித்தவர் அந்த வீட்டில் யாரும் கிடையாது.

அப்பா ரெங்கசாமி, மேருவில் கூரைத் தகடு செய்த ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் ஆஸ்பெஸ்டாஸ் மூட்டை பிரித்துக் கொட்டியவர். தலை முதல் கால்வரை வெள்ளையாக வீடு வருவார். அம்மா மாரியாயி அவர் சட்டையை வாசலில் நாலு உதறு உதறிவிட்டுத்தான் தண்ணீரில் போடுவாள். உதறாமல் நனைத்தால் தூசு பசையாக ஒட்டிக்கொள்ளுமாம். அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, இன்னும் சைக்கிள் மிதிக்கிறார். புற்று வந்தது அம்மாவின் நுரையீரல் உறையில். வீட்டில் யாராவது ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தார்களா என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே.

அன்றைக்கே ரமணி ராதாகிருஷ்ணன் வீட்டுக்குப் போனாள். அப்பாவின் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர் அவர். மூக்குக்குத் துணி கேட்ட ஆட்களிடம், "தூசுதான் லா, திருநீறுன்னு நெனச்சுப் பூசிக்கோ" என்று சிரித்தவர். தான் மட்டும் கண்ணாடி அறையைவிட்டு வெளியே வரமாட்டார். தொழிற்சாலை மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. உண்மையை எழுதித்தர உயிரோடு இருந்த ஒரே மேலாள் அவர்தான்.

"எனக்குக் காசு வேணாம் அங்கிள். அது ஆபத்துன்னு உங்களுக்குத் தெரியும்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அம்மா கண்ணால பாத்துட்டுப் போகட்டும்."

"உங்கம்மா நம்ம ஃபேக்டரியில வேலையே செய்யலையேம்மா. அடுப்புப் புகையா இருக்கும்" என்று வாய் கூசாமல் சொன்னார். வழியனுப்பும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு கொடுத்தார், பாவி மனுஷன்! அம்மா அதற்கப்புறம் ஐந்து மாதம் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தாள். ரமணிக்கு ஒவ்வொரு நாளும் வயிறு எரிந்தது.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. சட்டையை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு ரமணி வெளியே, துக்கத்துக்குப் போட்ட கூடாரத்துக்கு வந்தாள்.

ராதாகிருஷ்ணன் ஆளுயர மாலையை அம்மாவின் காலடியில் வைத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். அப்பா எழுந்து அவரைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடைப் பார்த்து ரமணி பல்லைக் கடித்தாள்.

"பூவும் பொட்டுமா போயிட்டாங்க, குடுத்து வச்சவங்க. அவங்க விதி அவ்ளோதான் ரெங்கசாமி" என்றார் அவர்.

இறந்தவர் புழங்கியதைச் சவப்பெட்டியில் வைப்பது வழக்கம்தான். அதனால் ரமணி சட்டையோடு வந்ததை யாரும் தடுக்கவில்லை. அவள் நேராகப் போய் ராதாகிருஷ்ணன் எதிரில் நின்றாள்.

"அப்பா கடைசியா போட்ட ஃபேக்டரி சட்டை, அங்கிள். அம்மா தொவைக்காம அப்படியே மடிச்சு வச்சிருந்தாங்க."

சொல்லிக்கொண்டே ஓங்கி ஓர் உதறு உதறினாள்.

கூடாரம் முழுக்க வெள்ளைப் புகை. ராதாகிருஷ்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கைக்குட்டையால் மூக்கை அடைத்துக்கொண்டு, "ஏய், உதறாத! யாரும் மூச்சு இழுக்காதீங்க! உள்ள போனா வெளிய வராது, ஆளையே கொன்னுடும்!" என்று அலறியபடி ரோட்டுக்கே ஓடிவிட்டார்.

தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். முப்பது நாற்பது பேரும் ரோட்டில் நின்ற ராதாகிருஷ்ணனையே பார்த்தார்கள்.

"எப்பலேர்ந்து தெரியும் அங்கிள்?"

அவர் சட்டையைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தார். "எண்பத்தெட்டுலயே மெமோ வந்துச்சு லா! மேல இருக்கவன் வெளிய சொல்லாதன்னுட்டான், நான் என்ன செய்ய?"

ரமணி பைக்குள் விரலை விட்டு மாவைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். "பச்சரிசி மாவு. ஒண்ணும் ஆவாது, நீங்க உள்ள வரலாம்."

அவர் முகம் பேயறைந்தது போல் ஆயிற்று. அப்பா மெதுவாக எழுந்தார். அம்மாவின் காலடியில் கிடந்த மாலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனார். "இத எடுத்துட்டுப் போயிடுங்க சார்" என்றார். இந்தத் தடவை கும்பிடவில்லை.

கார் கிளம்பிப் போயிற்று. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக ரமணிக்கு வயிறு குளிர்ந்தது. அம்மாவின் கன்னத்தில் ஒட்டியிருந்த மாவை முந்தானையால் துடைத்துவிட்டாள். பாத்துக்கிட்டியாம்மா, என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

"ரமணி" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த அமுதவள்ளி. அப்பாவோடு மூட்டை பிரித்தவரின் மனைவி. அவளைச் சுற்றி அதே தொழிற்சாலைக்காரர்களின் மனைவிகள் ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

"ஒதறிட்டு நனைங்கடின்னு உங்கம்மாதான் எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தா" என்றாள். "நாங்களும் அப்படித்தானே மா தொவைச்சோம்?"

ரமணி கையிலிருந்த சட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

எடுக்கலாமா என்று குகன் கேட்டான். பாயில் இருந்த பெண்கள் எழுந்திருக்கவில்லை. வெறும் அரிசிமாவுதான் என்று தெரிந்த பிறகும், மடியில் விழுந்ததை ஒருத்தியும் உதறவில்லை.