பெயிண்டுக்கு அடியில் இருந்த பொட்டு

நல்லூர்ச் சந்தில் பால்காரர் வருவதற்கு முன்பே மெஷின் சத்தம் எழுந்துவிடும். வாசல் தெளித்த ஈரம் கையில் காயும் முன்னே மயிலாள் துணியின் ஓரம் அடிக்கிற தன் ஓவர்லாக் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கம்பெனிச் சங்கு ஊதும்வரைதான் அவளுக்குச் சொந்தப் பொழுது. குவிந்து கிடந்த பனியன் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிக்கடியில் கொடுத்தாள். பஞ்சு பறந்து இமையில் ஒட்டியது. கடகடவென்று ஓடிய மெஷின் பாதியில் தையலை விட்டது. பிரித்து மறுபடி ஓட்டினாள். மறுபடியும் விட்டது. அடுத்த துண்டில் ஊசி முறிந்து கன்னத்தில் தெறித்தது.

"உன்ற கை நடுங்குது அம்மிணி, மெஷின் என்ன பண்ணும்?" என்று, முன்பு கடைக்குப் போய் முறையிட்டபோது கேட்டிருந்தார், தவணைக்கு அதை விற்ற கடைக்காரர் திருமூர்த்தி. புத்தம் புதுசு என்று சொல்லித்தான் தலையில் கட்டியிருந்தார். தாவணி போட்ட காலத்திலிருந்து மெஷின் ஓட்டுகிற கை மயிலாளுடையது. அது நடுங்கியதே இல்லை.

திருமூர்த்தியின் மச்சான் சென்னிமலைதான் மயிலாள் வேலை செய்யும் பனியன் கம்பெனிக்கு முதலாளி. சனிக்கிழமைச் சம்பளத்திலேயே தவணையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். வேலையை விட்டால் பாக்கி முழுவதையும் ஒரே மூச்சில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மெஷினைத் தூக்கிப் போய்விடுவார்கள். வைத்துக்கொண்டாலோ அது ஓடாது. வாசலும் அடைப்பு, புழக்கடையும் அடைப்பு என்று ஆகிப்போனது அவள் பாடு.

அன்றைக்கு மெஷின் அதிர்ந்த அதிர்வில், கழுத்துப் பக்கத்துப் பச்சைப் பெயிண்ட் ஒரு சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. மயிலாள் குனிந்து பார்த்தாள். பெயிண்டுக்கு அடியில் காய்ந்த சந்தனம், அதன் நடுவில் மங்கிய குங்குமம். யாரோ, எந்தக் கம்பெனியிலோ, ஏதோ ஓர் ஆயுதபூஜைக்கு வைத்த பொட்டு!

அவள் நேராக சென்னிமலையிடம் போய் நின்றாள்.

"ஏனுங்க, அது பழைய மெஷினுங்க. மேல பெயிண்ட் அடிச்சுக் குடுத்துருக்காங்க. இனித் தவணை பிடிக்காதீங்க."

சென்னிமலை கோபப்படவில்லை. கோபப்படாததுதான் அவருடைய பலம். "மயிலாள், வாங்குனப்பக் கண்ணு எங்க போச்சு?"

"நம்பிக்கை மேல போச்சுங்க."

"வாய் மட்டும் நல்லா ஓடுது, தையல்தான் ஓட மாட்டேங்குதாக்கும்! கையெழுத்துப் போட்டாச்சு, கட்டித்தான் ஆகோணும். பிடிக்கலையா, நாளையிலிருந்து வர வேண்டாம். ஆனா பாக்கியை வெச்சுட்டுப் போ."

கேட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி சிரித்தான். மெஷின்களுக்கு முன்னால் இருந்த பெண்கள் யாரும் தலை தூக்கவில்லை. அவர்களில் பாதிப்பேர் வீட்டிலும் அதே பச்சை மெஷின் நின்றது.

தொழிற்சங்கத்து பாரூக்தான் வழி சொன்னான். "கோயமுத்தூர்ல நுகர்வோர் மன்றம்னு ஒண்ணு இருக்குதுங்கக்கா. பொருள் வாங்கி ஏமாந்தவங்க அங்க போய்க் கேக்கலாம். வக்கீல் வேண்டாம், நீங்களே பேசலாம்." மனுவை அவனே எழுதிக் கொடுத்தான்.

மன்றத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் ஓர் அம்மாளும் இன்னொருவரும். மயிலாளுக்கு அங்கே முதலில் கண்ணில் பட்டது ஒன்றுதான்: திருமூர்த்தியும் அவளைப் போலவே பெயர் கூப்பிடும்வரை பெஞ்சில் காத்திருந்தார். அவர் காத்திருந்து அவள் பார்த்ததே கிடையாது.

திருமூர்த்தியின் வக்கீல் எழுந்தார். "இவங்க தொழிலுக்கு மெஷின் வாங்கினவங்க. நுகர்வோரே கிடையாது."

அந்த அம்மாள் மயிலாள் பக்கம் திரும்பினார். "ஆள் வெச்சு ஓட்டுறீங்களா?"

"இல்லீங்க. என்ற ரெண்டு கைதானுங்க."

"சொந்தப் பிழைப்புக்குத் தாங்களே ஓட்டுறவங்களைச் சட்டம் தள்ளலை. மேலே சொல்லுங்க."

மயிலாள் பொட்டைப் பற்றிச் சொன்னாள். வக்கீல் சிரித்தார். "பெயிண்ட் பெயர்ந்த இடத்துல, போன ஆயுதபூஜைக்கு இவங்களே வெச்சிருப்பாங்க ஐயா!"

மன்றத் தலைவர் சிரிக்கவில்லை. "அம்மா, நாங்க உங்க பக்கமும் இல்லை, அவங்க பக்கமும் இல்லை. காட்டுறதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மெஷினைப் பார்க்க ஒருத்தரை அனுப்பறோம்."

யார் பக்கமும் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது மயிலாள் இதையே மனசுக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். இத்தனை காலம் அவள் நின்ற இடமெல்லாம் முதலாளி பக்கம்தானே இருந்தது!

இதற்குப் பிறகுதான், கண்ணுகளா, அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். அவளைத் திட்டாதீர்கள். பனியன் கம்பெனியில் 'செக்கிங் வராங்க' என்றால் என்ன அர்த்தம்? துணி வாங்க வரும் வெளிநாட்டுப் பையர் கண்ணில் தூசி படக்கூடாது. தரையைக் கழுவு, மெஷினைத் துடை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கூலியில் பிடிப்பு. பல வருசமாக உடம்பில் ஏறிப்போன பாடம் அது. மன்றத்து ஆள் வருகிறார் என்றதும் அவள் கை தானாக மண்ணெண்ணெய்ப் புட்டியைத் தேடியது. கழிவுத் துணியை நனைத்து, தலை முதல் கால்வரை மெஷினைப் பளபளவென்று துடைத்து வைத்தாள்.

மன்றம் அனுப்பிப் பாலிடெக்னிக்கிலிருந்து வந்தவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "பொட்டுன்னு சொன்னீங்களே, எங்கம்மா?"

மயிலாள் விரலால் காட்டினாள். பெயர்ந்த இடத்தில் வெறும் இரும்பு மின்னியது.

அவர் நல்ல மனிதர். தயங்கித் தயங்கித்தான் எழுதினார். ஆனால் இல்லை என்பதை இல்லை என்றுதான் எழுதினார். உள்பாகம் தேய்ந்திருக்கிறது, எப்போது தேய்ந்தது என்று சொல்ல முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் போன பிறகு, மயிலாள் கழிவுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். துணியில் லேசாகச் சிவப்பு ஒட்டியிருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், துணிப் பொதிகளுக்குப் பின்னால் அவளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்தார்கள்.

"உன்னையப் போல ஒரு சுத்தக்காரி ஊருல உண்டா அக்கா? அவங்களுக்கு வேலையே வெக்காம நீயே தொடைச்சுட்டியே!" என்றாள் மருதாள். சிரிப்பும் வந்தது, எல்லார் கண்ணும் கலங்கியது.

குல்சார் பேகம் மட்டும் சிரிக்கவில்லை. துணி வெட்டும் கட்டிங்கில் நிற்பவள், அதிகம் பேசாதவள். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "எங்க ஊட்டு மெஷின்லயும் பெயிண்ட் பொத்துக்கிட்டு நிக்குது மயிலாக்கா. ஓரத்துல மஞ்சளும் செவப்பும் தெரியுது. ரொம்ப நாளாத் தெரியும். துணியப் போட்டு மூடி வெச்சுட்டேன். வேலை போயிருமேன்னு பயம்."

மருதாள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஏனுங்க குல்சார், உங்க ஊட்டுல யாருங்க ஆயுதபூஜை கும்புட்டது?"

குல்சார் நிமிர்ந்தாள். "அதத்தான் அந்த வக்கீலு என்கிட்டக் கேக்கட்டும்னு பாக்கறேன்."

சேதி சென்னிமலைக்குப் போகாமல் இருக்குமா? சாயங்காலமே வந்து நின்றார். "கோயமுத்தூர் பஸ் ஏறுறவங்க, திரும்பி இந்தக் கேட்டுக்குள்ள வர வேண்டாம்."

"ஒருத்தி போனா வேலையில்லை, சரிங்க," என்றாள் மருதாள். "அத்தனை பேரும் போனா, மொதலாளி, கப்பலுக்குப் போற துணியை நீங்க உக்காந்து தெப்பீங்களா?"

முதன்முறையாக அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததைப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள்.

விசாரணை நாளன்று கருக்கலிலேயே பஸ் ஸ்டாண்டில் கூடிவிட்டார்கள். குல்சாரின் மெஷின் தலையைக் கழற்றிப் பழைய போர்வையில் பொதிந்து, நடுச் சீட்டில் அவளும் மயிலாளும் மடியில் ஏந்தி உட்கார்ந்தார்கள். வழியில் இன்னும் இரண்டு மெஷின் தலைகள் ஏறின. கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பஸ்ஸா, பனியன் கம்பெனியா அம்மிணி இது? லக்கேஜ் போடோணும்."

"போடுங்க அண்ணா. ஆனா மேல கை மட்டும் வெச்சுராதீங்க."

மன்றம் என்ன சொல்லும் என்று யாருக்கும் தெரியாது. வேலை இருக்குமா என்பதும் தெரியாது. அவிநாசி தாண்டும்போது வெயில் ஜன்னல் வழியே மெஷின்மேல் விழுந்தது. போர்வை விலகிய இடத்தில், ரோட்டுப் புழுதி படிந்திருந்தது. மயிலாளின் கை அவளை அறியாமல் முந்தானையை எடுத்துக்கொண்டு அங்கே போனது.

"தொடைக்காதே!"

பஸ் முழுக்க ஒரே குரலாக எழுந்தது. குல்சார் அவள் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கோயமுத்தூர் வரும்வரை விடவே இல்லை.