ஒரு சாக்கு ஹேண்டில்

பொழுது புலரும்போதே மொட்டை மாடிக்கு ஏறி வந்த அமுதவல்லிக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது. என்ஜின் சத்தம் கேட்கக் கூடாது.

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், மறுநாள் சாம்பலைக் கடலில் கரைத்து முடிக்கிற வரைக்கும் ஒரு படகும் தொழிலுக்குப் போகாது. குடித்தே செத்தவனானாலும் சரி, ஊரை ஏய்த்தவனானாலும் சரி, குப்பத்துப் பிள்ளை என்றால் படகு கரையில் நிற்கும். நேற்று அவள் புருஷன் ஜெகதீஸ்வரனை எரித்தாகிவிட்டது. அவர் குப்பத்துப் பிள்ளையா இல்லையா என்பதுதான் இப்போது பாக்கி. விமானப்படையிலிருந்து ஆட்கள் வந்து, கொடி போர்த்தி, விறைப்பாக சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள். பெரிய மரியாதைதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் ஓய்வு பெற்றதும் தாம்பரத்து வீட்டை விட்டுவிட்டு, அவள் கத்தக் கத்த இந்த உப்புக் காற்றில் வந்து வீடு கட்டிய மனுஷன் ஆசைப்பட்டது அதற்கல்ல.

மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தும் படகில் ஏறினால் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தவர் அவர். அவருடைய நைனா சுக்கு அரைத்துக் கொடுத்துப் பார்த்தார், மந்திரித்துப் பார்த்தார், கடைசியில் கரைக்குத்தான் லாயக்கு என்று பள்ளிக்கூடத்துக்கு விரட்டிவிட்டார். விரட்டிய பிள்ளை ஆகாயத்தில் போய் நின்றது. ஹெலிகாப்டர் ஓட்டினார். அது என்னதான் குலுங்கினாலும் வாந்தி வராதாம். அது ஆகாசம், இது தண்ணி என்பார், ஏதோ பெரிய விளக்கம் சொல்லிவிட்டவர் மாதிரி.

அனுப்பம்பட்டில் நெல் விளைகிற வீட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்த அமுதவல்லிக்கு ஆகாசமும் தெரியாது, தண்ணியும் தெரியாது. மனுஷனைத் தெரியும். பொன்னேரிக்குக் காய்கறி வாங்கப் போவதென்றாலும் ஸ்கூட்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரை உதைத்து, லைட்டைப் போட்டு அணைத்து, பின்னால் உட்காரப் போகிற பெண்டாட்டியின் முந்தானையைச் செருகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். இந்த லட்சணத்தில் போனால் சந்தையே கலைந்துவிடும் என்று அவள் திட்டுவாள். லீவில் வந்தால் மகள் தேவதர்ஷினிக்குத் தலை பின்னுவது அவர் வேலை. அமுதவல்லிக்குக் கால் வீங்கிய நாட்களில் வெந்நீர் வைத்துப் பிடித்துவிட்டதும் அவர்தான். அதை வெளியே சொல்லக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

வேலையைப் பற்றி வாயே திறக்கமாட்டார். ஒரு தடவை மட்டும் சொன்னார். ஏதோ ஒரு புயலில், கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவனுக்குக் கயிறு இறக்கினார்களாம். இழுத்தபோது கயிறு வெறுமனே மேலே வந்ததாம். சொல்லிவிட்டு, தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்தக் கயிறுதான் போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அவரை ஊருக்கு ஆகாதவராக்கியது. புயல் வருகிறது, போகாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். இறால் ஏறுகிற நேரம், யார் கேட்பார்கள்? மனுஷன் கரைக்குப் போய், என்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டில்களைப் படகு படகாகப் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, வீட்டு வாசலில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். புயலும் சொல்லிவைத்தாற்போல வடக்கே ஆந்திரா பக்கம் திரும்பிப் போனது. இங்கே வெயில் பளீரென்று அடித்தது. ஊரே வாசலில் நின்று ஏசியது. தம்பி முறையாகிற சிங்காரத்தின் மகன் தேவேந்திரன், தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை, சாக்கை அவிழ்த்துத் தன் ஹேண்டிலைப் பிடுங்கிக்கொண்டான். வாந்தி எடுக்கிறவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டும் போனான்.

பஞ்சாயத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னது. இவர் மாட்டேன் என்றார். மறுபடி புயல் என்றால் மறுபடியும் எடுப்பேன் என்று வேறு சொல்லிவைத்தார். அதற்கப்புறம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் இந்த வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வரவில்லை. அவர் தினமும் கரைக்குப் போய், எதுவும் நடக்காதவர் மாதிரி, காத்து பாத்தியா என்று எல்லாரையும் கேட்டுவிட்டு வந்தார். பதில் சொன்னவர்கள் குறைவு.

நேற்று சாயங்காலம் படகு விஷயத்தைச் சிங்காரத்திடம் கேட்டாள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது அவரும் தேவதர்ஷினியும் சாம்பல் அள்ளச் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள்.

முதல் என்ஜின் உறுமியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் கரையே உறுமியது. வரிசையாகப் படகுகள் அலையைத் தாண்டி ஏறிப் போவதை அமுதவல்லி கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி பார்த்தாள். தெரு நாய் செத்திருந்தால்கூட ஒரு பேச்சு பேசியிருப்பார்கள். கொதித்துக்கொண்டு வந்தது அவளுக்கு. மகள் வருவதற்குள் முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும், அவளுக்கு இது தெரியவே கூடாது, இன்றைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு தாம்பரம் போய்விட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

வாசலில் தேவேந்திரன் நின்றிருந்தான். கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று.

தொழிலுக்குப் போகவில்லையா, ஊரெல்லாம் போகிறதே என்று கேட்டாள். குரலில் இருந்த சூட்டை அவள் மறைக்கவில்லை.

அவன் விழித்தான். பிறகு புரிந்துகொண்டான்.

"இன்னா பெரிமா நீ. போட்டுல வலை இருந்திச்சா, பாத்தியா?"

அவள் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாகியும் அனுப்பம்பட்டுக்காரிக்கு, தூரத்தில் போகிற படகில் வலை இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியதில்லை.

"சாதா சாவுன்னா போட்டு கரையில நிக்கும். ஊருக்குப் பெரிய தலைன்னாதான் வலைய எறக்கி வெச்சிட்டு அத்தினி போட்டும் கூடப் போவும். முன்னால போயி முகத்துவாரத்தாண்ட நிக்கிறாங்க. எங்க நைனாதான் ராத்திரி ஊரக் கூட்டிப் பேசுச்சு. எல்லாரும் ஒத்துக்குவாங்களோ இன்னாவோன்னுதான் உங்கிட்ட முன்கூட்டிச் சொல்லல."

அமுதவல்லி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் மொத்தமாக இறங்கியது. இறங்கிய வேகத்தில் அழுகை வந்தது. இது வேறு அழுகை, அழ அழ நன்றாக இருந்தது. தாம்பரமாவது மண்ணாவது.

தேவேந்திரன் துண்டைப் பிரித்தான். உள்ளே அவன் படகு ஹேண்டில்.

"அன்னிக்கி இத அவரு சாக்குலேர்ந்து புடுங்கிகினு கடலுக்குப் போனேன். பொழுதுசாய திரும்பி வந்தா, கரையில நான் போட்டு எறக்குன எடத்துலயே நின்னுகினு இருக்காரு பெரிமா. வெயில்ல. நான் கரை ஏறுனதப் பாத்துட்டுதான் திரும்பிப் போனாரு. அவரு சாம்பல ஏத்தினு போறது என் போட்டு. இத நீ உன் கையால குடுத்தாதான் எடுப்பேன்."

அன்றைக்கு முகமெல்லாம் கறுத்துப்போய் வீட்டுக்கு வந்தவர், சும்மா நடந்துவிட்டு வந்தேன் என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. பொய் சொல்லவும் ஒழுங்காகத் தெரியாத ஜென்மம்.

அவள் ஹேண்டிலை வாங்கினாள். கனமாக இருந்தது. ஒரு சாக்கு நிறைய இதைத் தூக்கிக்கொண்டு மணலில் எப்படித்தான் நடந்தாரோ. தெருமுனையில் தேவதர்ஷினி சாம்பல் கலயத்தை ஏந்திக்கொண்டு சிங்காரத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

"காத்து பாத்தியா?" என்று தேவேந்திரனைக் கேட்டாள் அமுதவல்லி.

"பாத்துட்டேன் பெரிமா. நல்லாருக்கு."

முந்தானையால் ஹேண்டிலைத் துடைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"மெதுவா ஓட்டுப்பா. அவருக்கு வாந்தி வரும்."