"ஏட்டி"யைச் சொல்லிக் கொடுத்தது யார்?

வாசிக்கிற எல்லாருக்கும் வணக்கம். சுகமா இருக்கீங்களா? முட்டுவலி தேவலையா? பேசப் பழகுகிற பிள்ளை இருக்கிற வீடென்றால் இதைச் சத்தமாகவே வாசியுங்கள்.

எழுபத்தொன்பதில், சங்கரன்கோவிலில் நடந்தது. ஜவுளிக்கடைக் காசிராஜனின் மகள் கோமதிக்கு அப்போது இரண்டரை வயது. பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. சும்மா வந்ததில்லை அது. அம்மா பேச்சி அடுப்படியில் நிற்கிற நேரமெல்லாம் பிள்ளையோடு பேசிக்கொண்டே இருப்பாள். "இது சீரகம், இது சோம்பு. மோந்து பாரு மக்கா, எது இனிப்பு வாசம்?" காலையில் காலண்டர் தாளைக் கிழித்துக் கையில் கொடுப்பாள். பிள்ளை 'செ'யைத் தொட்டுக் காட்டி, "செவ்வாய்" என்று சொல்லும். தாள்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தாள். பிள்ளைக்கு அதுதான் புத்தகம்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் புளியங்குடியிலிருந்து காசிராஜனின் அக்கா மாரித்தாய் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கினாள். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். குழம்பில் உப்பில்லை, ரசத்தில் புளியில்லை, பேச்சிக்குக் கைப்பக்குவமே இல்லை. பக்கத்தில் இருந்த கோமதி நிமிர்ந்து பார்த்துத் தெளிவாகச் சொன்னது: "ஏட்டி, வாய மூடு."

மாரித்தாய் இலையில் கையை உதறினாள். "இதுக்குத்தான் நாள் பூரா சொல்லிக் கொடுக்கியாக்கும். பொட்டப்பிள்ளைக்கு இம்புட்டு நாக்கு ஆகாது. ஏலே காசி, கோயில் புத்துமண்ண எடுத்து இவ நாக்குல தடவு, அடங்கிரும்."

காசிராஜன் எழுந்துபோய் டின்னைத் தூக்கினான். "உன் பாடமெல்லாம் இன்னையோட போதும். இது வெந்நீர் அடுப்புக்கு."

பேச்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாமனாரிலிருந்து மதினி வரை எல்லாரையும் மரியாதை வைத்துப் பேச வேண்டியவள் அவள். 'ஏட்டி' என்று கூப்பிட அந்த வீட்டில் அவளுக்குக் கீழே ஒரு ஆள் உண்டா? பெற்ற பிள்ளையைக்கூட மக்கா என்றுதான் அழைப்பாள்.

"மதினி, கொஞ்சம் பொறுங்க. பிள்ளையவே கேப்போம். மக்கா, இத உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"அப்பா," என்றது பிள்ளை. "அம்மா பேசுனா அப்பா இப்படித்தான் சொல்லுவாவ. அத்தையும் ரொம்பப் பேசுனாவல்லா."

மாரித்தாய் தம்பியைப் பார்த்தாள். தம்பி எலுமிச்சம்பழப் பையைப் பார்த்தான்.

"புத்துமண்ண யாரு நாக்குல தடவணும்னு இப்பச் சொல்லுங்க மதினி," என்றாள் பேச்சி.

காசிராஜன் வாயைத் திறந்தான். "ஏட்..."

பிள்ளை அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது, அடுத்த சொல்லைப் பிடித்துக்கொள்ள. அவன் மீதியை விழுங்கினான். பேச்சி டின்னை அவன் கையிலிருந்து வாங்கிப் பிள்ளை மடியில் வைத்துவிட்டு, மதினிக்கு மோர் ஊற்றினாள்.

மறுநாளும் காலண்டர் தாள் கிழிந்தது. பாடம் நிற்கவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை யாருடைய பேச்சை யாரிடம் திருப்பிச் சொன்னது? அப்போது பழி யார் தலையில் விழுந்தது? மறைக்காமல் எழுதுங்கள், எனக்கும் தெரியட்டும்.