படிக்கம் இல்லாத வீடு

பாதிக் கடல் அளவு காபியை வாயில் ஊற்றியும் ஒரு சொட்டுகூட விழுங்காமல் முப்பத்தொரு வருடம் ஓட்டியவன் நான். அதே காபியை எட்டே மாதம் விழுங்கிப் பெண்டாட்டியை வீட்டை விட்டே துரத்தியவனும் நான்தான்.

காபித்தூள் கம்பெனியில் எனக்குச் சுவை பார்க்கும் வேலை. வெறும் வயிற்றோடு போக வேண்டும். தின்றுவிட்டுப் போனால் நாக்கு பொய் சொல்லும். கரண்டியால் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, இடுப்புயரப் படிக்கத்தில் துப்பிவிட வேண்டும். ஓய்வு பெற்றபோது மூட்டை மூட்டையாகத் தூள் கொடுத்தார்கள், படிக்கத்தைக் கொடுக்கவில்லை. கூடத்தில் துப்பினால் பெண்டாட்டி சும்மா விடுவாளா? விழுங்கினேன். காலையில் சாப்பிட்டுப் பழக்கமில்லையா, மதியம் வரை பதினைந்து டம்ளர் காபிதான் ஆகாரம்.

நெஞ்சு அடித்த அடியில் சுவரில் மாட்டிய படமெல்லாம் கோணிக்கொண்டது. சட்டைப் பொத்தான் போட அரைமணி நேரம். ஏதோ நடக்கப்போகிறது என்று ஒரே பயம். அவள் வேலை பார்த்த தையல் கடைக்கு நாளுக்கு நாற்பது தடவை போன் போட்டேன். "கேஸை மூடினியா? மூச்சு விடறியா?" கடைக்காரி அவளை வேலையை விட்டே நிறுத்திவிட்டாள். மறுநாள் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள்.

அதற்கப்புறம்தான் டாக்டர், காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். காபியை ஒரு டம்ளராகக் குறைத்து, எழுந்ததும் வயிற்றுக்கு ஏதாவது போட்டேன். மூன்று வாரத்தில் நெஞ்சு அடங்கியது.

அக்காவின் தையல் மெஷினை எடுத்துப்போக மச்சான் வந்தான்.

"அவளத் திரும்பி வரச் சொல்லுடா. எல்லாம் காபி பண்ண வேலை."

"காபிக்கு வாய் இருந்தா அழும், அத்தான். ஊரே குடிக்குது, எல்லாருமா பைத்தியமா அலையறாங்க?"

"சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப உக்காரு. நான் குடிச்ச மாதிரியே குடி. ஒண்ணும் ஆகலைன்னா நான் பொய்யன். ஆச்சுன்னா அக்காகிட்ட நீதான் சொல்லணும்."

"ஊத்துங்க, பாத்துடலாம்."

ஆறாவது டம்ளரில் காலை ஆட்டத் தொடங்கினான். எட்டாவதில், மெஷினிலிருந்து கழற்றிய திருகு மூன்று முறை கையிலிருந்து விழுந்தது. பதினொன்றில் வேர்த்துக்கொட்ட, வாசலுக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்தான். சட்டென்று போனை எடுத்தான்.

"அக்கா, எம் பசங்க ஸ்கூலுக்குப் போய்ச் சேந்தாங்களா? நல்லாத் தெரியுமா?"

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவள் குரல் எனக்கே கேட்டது. "அங்க போனதும் உனக்கும் ஒட்டிக்கிச்சா? மெஷினை எடுத்துட்டு வந்து சேரு."

சொல்லு, சொல்லு என்று கையை ஆட்டினேன்.

"அக்கா, அத்தான் சொன்னது..."

வைத்துவிட்டாள்.

மெஷினை இடுப்பில் தூக்கிக்கொண்டான். அவன் கையில் அது கடகடவென்று ஆடியது.

"மெஷினைத்தான் கேட்டா, அத்தான். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல," என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "ஆனா காபிதான். ஒத்துக்கறேன்."