மலையின் மறுமுனை

ஆர்க்டிக் கடலடியில் மலையொன்று இருக்கிறதா இல்லையா என்னும் வினா, அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையை அன்று காலை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. விரித்த வரைபடம் சுருண்டுவிடாதிருக்கும் பொருட்டு அதன் நான்கு மூலைகளிலும் உப்புக் குப்பி, தேநீர்க் கோப்பை, கணவரின் மூக்குக் கண்ணாடிக் கூடு, நாத்தனாரின் சாவிக்கொத்து ஆகியன பாரமாக அமர்ந்திருந்தன. வீட்டுக்காரி அதன்மேல் கவிழ்ந்து கிடந்தாள். கடற்படுகையை அளந்து படமாக்குவது அவளது தொழில். வரவிருக்கும் கோடையில் பனியுடைக்கும் கப்பலில் வடக்கே செல்லவிருக்கும் குழுவுக்கு அவளே தலைமை ஆய்வாளர்.

நகரப் பேருந்து ஓட்டும் நாத்தனார், சீருடையும் கையில் தட்டுமாக மேசையருகே நின்றாள்.

“அண்ணி, தட்டு வைக்க ஒரு சாண் இடம் குடுங்க. இவ்வளவு பெரிய கடல்ல வேண்டாத மூலைன்னு ஒண்ணு இருக்காதா?”

“அங்க வைக்காதே, அது ரொம்ப ஆழமான இடம்.”

“சரிதான், என் தட்டு முழுகிப் போச்சு. அண்ணா, நீயாவது கேளேன்.”

பல் மருத்துவரான கணவர், சமையல் மேடையில் சாய்ந்தபடியே ரொட்டியைக் கடித்தார். “நான் கேக்க மாட்டேன்மா. நானும் தினமும் இருட்டுல விளக்கடிச்சுப் பள்ளம் தேடறவன். ஆனா என்கிட்ட வர்றவங்க வாயைத் திறந்து காட்டுவாங்க. இவளோட பேஷன்ட் பனிக்கட்டியை இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குது.”

“கிண்டல் பண்ணுங்க, பண்ணுங்க. இன்னிக்கு கேப்டன் கையெழுத்துப் போடட்டும், அப்புறம் பேசிக்கறேன்.”

“போடட்டும் தாயே, போடட்டும். போன தடவை அந்தப் பக்கத்தைக் கிழிச்சாங்கன்னு ஒரு வாரம் பாத்திரத்தை உருட்டினியே, எங்க காது இன்னும் சரியாகல.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. எனினும் அவளது விரல், வரைபடத்தின் வட கோடியிலிருந்த ஒற்றைப் புள்ளியை விட்டு அகலவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், மிதக்கும் பனித்தட்டின்மேல் கூடாரமடித்துத் தங்கிய குழுவொன்று அவ்விடத்தில் துளையிட்டு ஆழம் பார்த்திருந்தது. சுற்றுவட்டாரத்தைக் காட்டிலும் அங்கே ஆழம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறைந்திருந்தது. கருவி பிசகியது என்று பலரும் கைகழுவினர். பிற்காலத்தில் விண்ணிலிருந்து எடுத்த அளவீடுகளில், அதே இடத்தில் வெள்ளரிக்காய் வடிவில் மங்கலானதொரு நிழல் விழுந்தது. அது ஒரு மலைத்தொடரின் முதுகு என்பது இவளது கட்சி. கட்சியில் இவளைத் தவிர ஓரிருவரே இருந்தனர் என்பது வேறு கதை. முந்தைய இரு பயணங்களிலும் அந்த மலை கடைசி நேரத்தில் திட்டத்திலிருந்து கழற்றிவிடப்பட்டது. இம்முறை மூன்றாம் பக்கத்தில் அதற்கு இடம் கிடைத்திருந்தது. கேப்டனின் ஒப்பம் பெற்று மாலைக்குள் அனுப்பிவிட்டால் மலை உள்ளே. இல்லையேல் பாதையும் எரிபொருளும் உறுதியாகிவிடும், மலை மறுபடியும் வெளியே.

துறைமுகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது திட்ட அறை. ஒரு சன்னல் வழியே கப்பலின் சிவந்த மூக்கு மட்டும் தெரியும். எதிரொலிக் கருவியைக் கவனிக்கும் பொறியாளர் அங்கே முன்னரே வந்து காத்திருந்தார். ஒலியைக் கடலுக்குள் விசிறிபோல் அனுப்பி, திரும்பி வரும் ஒலியைக் கொண்டு தரையின் மேடுபள்ளங்களை அறிவது அவரது வேலை. அத்துடன், பிறர் பேச்சின் கடைசிச் சொல்லைத் தாமும் ஒருமுறை சொல்லிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. ஆகவே குழுவில் அனைவரும் அவரை எதிரொலி என்றே அழைத்தனர்.

கேப்டன் குள்ளமான மனிதர். டீசலைத் தம் உடம்பின் இரத்தமாகக் கருதியதால் மாலுமிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘கஞ்சன்’. அது தமக்குத் தெரியும் என்பதில் அவருக்குச் சற்றே பெருமையும் உண்டு. அவர் நின்றவாறே திட்டத்தைப் படித்தார்.

“முதல் பக்கம் பிரமாதம். ரெண்டாவது பக்கம் பிரமாதம். இந்த மூணாவது பக்கத்தை எழுதினது யாரு, உங்க விரோதியா?”

“நான்தான் சார்.”

“அப்படியா? உக்காருங்கம்மா.”

மூன்றாம் பக்கத்தில், நிழலின் நீளம் நெடுகிலும் மணிமாலை கோத்தாற்போல் சிறு வட்டங்கள் வரையப்பட்டிருந்தன. பனியை உடைத்துக்கொண்டு செல்லும்போது கப்பலின் அடிவயிற்றில் பனிக்கட்டிகள் உராயும், ஒலிவிசிறியோ செவிடாகிவிடும். அதற்கென ஓர் உத்தி உண்டு. ஓரிடத்தில் பனியை நொறுக்கிக் குளம்போல் ஆக்கிக்கொண்டு, அக்குளத்துக்குள் கப்பல் நின்ற இடத்திலேயே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றும். விசிறியும் உடன் சுற்றுவதால் கடலடியில் ஒரு வட்டம் முழுவதும் படமாகிவிடும். பின்னர் பனியை முட்டிக்கொண்டு அடுத்த இடம், அடுத்த குளம், அடுத்த வட்டம். ஒவ்வொரு மணியையும் அவள் அத்தனை அழகாகக் கோத்திருந்தாள்.

“மாலை நல்லாதான் இருக்கு,” என்றார் கேப்டன். “அந்த இடத்துல பனி எந்தப் பக்கம் நகருது?”

“அந்த முனையிலேர்ந்து இந்த முனைக்கு.”

“நீங்க கப்பலை எந்தப் பக்கம் விடறீங்க?”

அவள் விரலை முதல் மணியின்மேல் வைத்தாள்; வைத்த வேகத்திலேயே எடுத்தாள்.

“விடறீங்க?” என்றார் எதிரொலி, பழக்கதோஷத்தால்.

பனி நகரும் திசை அவளுக்குத் தெரியாததன்று. அம்புக்குறியிட்ட தனிப் படமே அவளிடம் இருந்தது. ஆயினும் மாலை கோத்தது ஆழப் படத்தின்மேல். அப்படத்தில் பனி இல்லை, வெறும் நீலம்தான். திறந்த கடலில் பழகிய கை, பக்கத்து முனையில் தொடங்கி அடுத்த முனைக்குப் போவதையே வழக்கமாகக் கொண்டது. வாசற்படியிலிருந்து வீட்டைப் பெருக்கத் தொடங்குவது போன்ற பிழை அது.

“எஸ்கலேட்டர் கீழ எறங்கும்போது அதுல மேல ஏறிப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார் கேப்டன். “ஒவ்வொரு மணிக்கும் நாம முட்டி மோதி முன்னாடி போவோம். பனி நம்மள அலேக்கா பின்னாடி கொண்டுவந்து விடும். இந்த ஒரு பக்கத்துக்கே என் டாங்கி பாதி காலியாயிடும். இதை எடுத்துடுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன். பசிக்குது.”

“மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க சார்.”

“மத்தியானம் ஆனா பனி மனசு மாறிடுமா?”

“என் மனசு மாறலாம் இல்லையா?”

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சாப்பிடக் கிளம்பினார். அந்நேரம் பார்த்துக் கணவரிடமிருந்து செய்தி வந்தது: “மலை இருக்கா?” அவள் “இழுத்துக்கிட்டு இருக்கு” என்று பதில் அனுப்பிவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

எதிரொலி, மணிகளைக் குறைத்துப் பார்ப்போமா என்றார். மூன்றில் ஒரு பங்கை எடுத்தார்கள். மலை, இடையிடையே பல் விழுந்த வாய்போல் ஆயிற்று. “அப்படியே திருப்பிப் போட்டா?” என்றாள் அவள். சுற்றுவழியே மறுமுனைக்குப் போய், அங்கிருந்து பனியோட்டத்தின் திசையிலேயே மணிகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வருவது. அதுவும் தேவலாம், ஆனால் சுற்றுவழி நீளம்.

“சரி, அந்த முனைல முதல் குளம் வெட்டியாச்சு,” என்றார் எதிரொலி. “ஒரு சுத்து முடிஞ்சுது. அடுத்த மணிக்குப் போகணும். இப்ப குளத்தை விட்டு எப்ப வெளிய வர்றோம்?”

அடுத்த மணிக்கு நகர்ந்த அவளது விரல், முதல் குளத்துக்கே திரும்பி வந்தது.

“எதுக்கு வெளிய வரணும்?”

“வரணும்?”

“யோவ், எதுக்கு வெளிய வரணும்னு கேக்கறேன்! குளம் எங்க இருக்கு? பனில இருக்கு. பனி எங்க போகுது? அடுத்த மணிக்குப் போகுது! நாம சும்மா உள்ளயே சுத்திக்கிட்டு இருந்தா போதும். குளமே நம்மளத் தூக்கிட்டுப் போய் விட்டுடும்!”

எதிரொலி இம்முறை எதையும் திருப்பிச் சொல்லவில்லை. கணிப்பொறியின்மீது பாய்ந்தார். பனித்தட்டுகளில் பொருத்தப்பட்ட மிதவைகள் கடந்த கோடைகளில் நகர்ந்த தடங்களை அவர் ஒவ்வொன்றாகத் திரையில் கொட்ட, அவள் அவற்றை நிழலின்மேல் பொருத்தினாள். முதல் தடம் மலைமுதுகின் மேலேயே சென்றது. இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவது சற்று விலகினாலும் விசிறியின் அகலத்துக்குள்ளேயே அடங்கியது. ஒன்று மட்டும் பாதி வழியில் கிறுக்குப் பிடித்தாற்போல் பக்கவாட்டில் ஓடிவிட்டது. மற்றவை அனைத்தும் சொல்லிவைத்தாற்போல் ஒரே திசையில் போயின. ஒரு சுற்றுக்குள் பனி நகரும் தொலைவு, வட்டத்தின் அகலத்தில் சிறு பங்குதான். ஆகவே ஒரு வட்டத்தின் மேல் அடுத்த வட்டம் ஏறிப் படியும். இடைவெளி என்ற பேச்சுக்கே இடமில்லை. இயந்திரமும் முனகும் அளவிலேயே ஓடும், விசிறிக்குக் காது நன்றாகக் கேட்கும்.

“நம்பவே முடியலையே!” என்று எதிரொலி தலையைப் பிடித்துக்கொண்டார். “செஞ்சு பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை வரும்.”

அடுத்து நிகழ்ந்தது படித்தவர்கள் செய்யும் காரியமன்று. அவள் அறையிலிருந்த உருளும் அலுவலக நாற்காலியை நடைவழிக்கு உருட்டிச் சென்று, முழங்கால்களை மடித்து அதன்மேல் ஏறி அமர்ந்தாள். எதிரொலி அதன் காலில் நீளமான மின்வடத்தைக் கட்டி இழுத்தார். அவள் சுவரை ஒரு கையால் தள்ளித் தள்ளிச் சுழன்றாள். மறுகையில் இருந்த டார்ச் தரையில் வட்டம் வட்டமாக ஒளியை வரைந்துகொண்டே நகர்ந்தது.

“மெதுவா இழுங்க! நீங்க பனி, பந்தயக் குதிரை இல்ல!”

“இல்ல!”

நடைவழி முனையில் கேப்டன் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று இருவருக்கும் தெரியாது.

“கூப்பிட்டா நானும் வந்திருப்பேனே,” என்றார் அவர்.

அவள் எழவில்லை. சுழன்றபடியே, தலை கிறுகிறுக்க, அனைத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். கேப்டன் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு அருகில் வந்து, நாற்காலியின் பக்கவாட்டில் தம் காலை வைத்து ஓங்கித் தள்ளினார். நாற்காலி ஓடிப்போய் நகலெடுக்கும் இயந்திரத்தில் மோதி நின்றது.

“இது காத்து,” என்றார். “காத்து மாறினா உங்க குளம் இப்படித்தான் போகும். மலை அங்கயே இருக்கும். அப்ப என்ன பண்ணுவீங்க?”

“மிதவைகள்ல ஒண்ணு அப்படிப் போயிருக்கு சார், மறைக்கல. மத்ததெல்லாம் நேராத்தான் போயிருக்கு.”

“நம்ம அதிர்ஷ்டம் அந்த ஒண்ணா இருந்தா?”

அவள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். கேப்டன் திட்ட அறைக்குள் சென்று, பலகையில் எரிபொருள் கணக்கைப் போட்டார். சுற்றுவழிக்கு இவ்வளவு, குளம் வெட்ட இவ்வளவு, மிதந்து வர இவ்வளவு. மிதந்து வரும் கணக்கை இருமுறை அடித்துத் திருத்தினார். கடைசி எண்ணைப் பார்த்தபோது, கடன் கொடுக்கப் போன இடத்தில் பரிசு கிடைத்தவரைப்போல் அவர் முகம் மலர்ந்தது. உடனே அதைக் கெட்டிக்காரத்தனமாகச் சுருக்கிக்கொண்டார்.

“மிச்சமாகுது,” என்றார், யார்மீதோ குற்றம் சாட்டுவதுபோல். “ஆனா ஒரு விஷயம். குளத்தை விட்டுக் கிளம்பறது யார் சொல்படின்னு இதுல எழுதியிருக்கீங்க?”

“தலைமை ஆய்வாளரின் தீர்மானப்படின்னு.”

“அதை அடிங்க. மலையை விட்டு விலகுதுன்னு எனக்குத் தோணின அந்த நிமிஷம் கப்பல் கிளம்பும். உச்சி பக்கத்துலயே இருந்தாலும் சரி. அரை மணி நேரம், கால் மணி நேரம்னு என் கதவைத் தட்டக்கூடாது. மாட்டிக்கிட்டா அத்தனை பேரையும் வெளிய கொண்டுவர வேண்டியவன் நான்.”

இத்தனை ஆண்டுகளாக அவள் சுமந்த மலை அது. அதன் உச்சிக்கு ஒரு வட்டம் குறைவாக நின்று, திரும்பிப் பார்த்தபடி வெளியேறும் காட்சி அவள் கண்முன் வந்து போனது. திட்டத்தின் முதல் வரைவில் அவள் மிகவும் விரும்பி எழுதியவை, ‘தலைமை ஆய்வாளரின் தீர்மானப்படி’ என்ற சொற்களே. திட்டங்களை நிராகரிக்கும் அறைகளில் அமர்ந்து அமர்ந்து, ‘என் தீர்மானம்’ என்று எழுதும் நாளுக்காக அவள் காத்திருந்தவள்.

“கொஞ்சமாவது வாதாட விடுவீங்களா சார்?”

“கரைல இருக்கும்போது எவ்வளவு வேணும்னாலும் வாதாடுங்க. அங்க ஒரு வார்த்தை கூடாது.”

“பாதி மலைதான் கிடைச்சுதுன்னா?”

“இப்ப எவ்வளவு மலை இருக்கு உங்ககிட்ட?”

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பேனாவை எடுத்து, மூன்றாம் பக்கத்து மணிமாலையை அடித்துவிட்டு, மறுமுனையிலிருந்து மிதந்து வரும் வழியை எழுதினாள். பிறகு ‘தலைமை ஆய்வாளரின்’ என்பதன்மீது நேர்க்கோடு இழுத்து, ‘கேப்டனின்’ என்று எழுதினாள். ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டாள். பரீட்சை மண்டபத்தில் கேள்வித்தாள் கைக்கு வந்துவிட்டவளைப்போல் நிமிர்ந்து தாளை நீட்டினாள்.

கேப்டன் அந்தச் சொல்லை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அடியில் கையெழுத்திட்டார். எதிரொலி தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நகலெடுக்க ஓடினார். நடைவழியில் அவர் எதன்மீதோ தடுக்கி விழுவதும், விழுந்த வேகத்திலேயே எழுந்து ஓடுவதும் கேட்டன. சிறிது நேரத்தில் “போயிடுச்சு! அனுப்பியாச்சு!” என்று கட்டடமே அதிரக் கூவினார்.

கேப்டன் கிளம்புவதற்குத் தொப்பியை எடுத்தார். எடுத்தவர் அதை மறுபடியும் மேசைமேல் வைத்தார்.

“அந்த முனைக்குப் போற சுத்துவழி இருக்கே, அங்க பனி எவ்வளவு தடிமன்னு படம் இருக்கா?”

“இருக்கு சார். போன மூணு கோடைக்கும் இருக்கு.”

“கொண்டாங்க. சாப்பாடு எங்கயும் ஓடிப்போகாது.”

“நீங்க இன்னும் சாப்பிடலையா?”

“பாதி வழில திரும்பி வந்துட்டேன். அவ்வளவு சுலபமா அந்தப் பக்கத்தைக் குடுத்துடற ஆள் மாதிரி நீங்க தெரியல.”

அவள் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தாள். எதிரொலியும் திரும்பி ஓடிவந்தார். மூவரும் குனிந்தனர். வரைபடத்தின் மறுமுனையில், இதுவரை எவரும் ஒரு கோடும் இழுத்திராத வெளிறிய நீலத்தின்மேல், கேப்டன் தம் தடித்த விரலை வைத்தார்.

“இங்கேர்ந்து ஆரம்பிப்போம்,” என்றார்.